முட்டி வலிக்காரருக்கு ஒரு புத்தி, சுகர்காரருக்கு ஒரு புத்தி: இரண்டும் உள்ளவர் எங்கே போவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் மேலே ஒரு கட்டுரை, கீழே ஒரு கட்டுரை. மேலே இருந்தது மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு. நடையைக் குறையுங்கள், மாடிப்படி பக்கமே போகாதீர்கள், மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள் என்று இருந்தது. கீழே இருந்தது சர்க்கரை உள்ளவர்களுக்கு. தினமும் முக்கால் மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடங்கள், லிஃப்டை விட்டுப் படியில் ஏறுங்கள் என்று அதில் போட்டிருந்தீர்கள். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், சரி. படிக்கிறவர் ஒரே ஆள்தானே சார்? ஐம்பது, ஐம்பத்தைந்து வயது தாண்டிய நம் வீட்டுப் பெண்களில் முட்டி வலி, சுகர் இரண்டும் சேர்ந்து இருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு அம்மாவோ அத்தையோ இருப்பார்கள்.

நான் தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்தவன், டாக்டர் இல்லை. ஆனால் டாக்டருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அதாவது மற்ற டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்பது. சுகர் டாக்டர் சீட்டும் எலும்பு டாக்டர் சீட்டும் ஒரே பிளாஸ்டிக் பையில் மடித்து வைக்கப்பட்டு என் மேசைக்குத்தான் வருகின்றன. ஒன்றில் சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அடியில் 'வாக்கிங் தினமும்'. மற்றொன்றில் வலி மாத்திரை, வயிற்றுக்கு ஒரு மாத்திரை, கால்சியம், அடியில் 'ரெஸ்ட்'. இட்லி வியாபாரம் செய்யும் ஒரு ஆச்சி என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணாச்சி, ஒருத்தர் நடக்காதங்காரு, இன்னொருத்தர் நடங்காரு. நான் என்ன பறந்தா போவ முடியும்?"

இப்படிக் குழம்பியவர்கள் எந்தப் பேச்சைக் கேட்பார்கள்? வலிக்காத பேச்சைத்தான். அதில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. உட்கார்ந்துவிடுகிறார்கள், எடை ஏறுகிறது, தொடைத் தசை கரைகிறது, சுகர் ஏறுகிறது, முட்டி முன்னைவிட அதிகமாக வலிக்கிறது, அதற்கு இன்னும் கொஞ்சம் ரெஸ்ட். இந்தச் சுழலை உங்கள் பத்திரிகையும் சேர்ந்து சுற்றிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சாப்பிட்ட சோற்றில் இருந்து வரும் சர்க்கரை ரத்தத்தில் இருந்து பெரும்பாலும் எங்கே போகிறது? தசைக்குப் போகிறது. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன, அவைதான் சர்க்கரைக்குக் கிடங்கு மாதிரி. தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திருக்காமல் தானாகவே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். குளூட்4 என்று ஒரு புரதம் தசைச் செல்லின் மேல்பரப்புக்கு வந்து அந்த வேலையைச் செய்கிறது. வேலை முடிந்தபிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை அந்தத் தசை இன்சுலின் பேச்சை நன்றாகக் கேட்கும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சி இல்லாமல் இருக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். இப்போது முட்டிக்கு வாருங்கள். எழும்போதும் இறங்கும்போதும் மூட்டு ஆடாமல் பிடித்து நிறுத்துவது எது? தொடையின் முன்பக்கத் தசை, பிசியோதெரபிக்காரர்கள் குவாட்ரிசெப்ஸ் என்பார்கள். அதாவது சுகரைக் குறைக்கிற தசையும் முட்டியைத் தாங்குகிற தசையும் ஒன்றேதான். அதைப் பலப்படுத்து என்று ஒரு டாக்டர் சொல்லி, அதைச் சும்மா போட்டு வை என்று இன்னொரு டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம்?

நடந்தால் குருத்தெலும்பு, அதாவது மூட்டில் எலும்பு முனைக்கு மெத்தை மாதிரி இருப்பது, தேய்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரில் இருந்துதான் அதற்குச் சாப்பாடு போக வேண்டும், அந்த நீர் உள்ளே போய் வெளியே வருவதற்கு மூட்டு மடங்கி நீள வேண்டும், எடை விழுந்து விலக வேண்டும். அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சிதான் முதல் சிகிச்சை என்று எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடலாம், தொடர்ந்து செய்தால் குறையும் என்று நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள் என்றும் அதில் இருக்கிறது. நம் ஊரில் இந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. அதனால் மூன்றாம் நாள் வலி கூடியதும், பார்த்தீர்களா அண்ணாச்சி, நடந்ததால்தான் வந்தது என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

இது சின்னப் பிரச்சினையும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023இல் வெளியானபோது இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று கணக்கு வந்தது. கிராமத்தைவிட நகரத்தில்தான் அதிகம். நான் ஒல்லிதானே, எனக்கு எதற்கு வாக்கிங் என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, அதுதான் பிஎம்ஐ, ஒரே மாதிரி 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லியாக இருந்தும் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதுதான் நம் உடம்பு வாகு. அதனால் எடை காட்டும் மெஷினை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

எடை இருப்பவர்கள் குறைத்தால் முட்டிக்கு என்ன லாபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மெஸ்ஸியர் என்பவர் குழு 2005இல் அளந்து பார்த்ததில், உடம்பு எடையில் ஒரு பங்கு குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டி மேல் விழும் பாரம் நான்கு பங்கு குறைந்தது. மூன்று கிலோ இறக்கினால் ஒவ்வொரு அடிக்கும் பன்னிரண்டு கிலோ மிச்சம். ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம், பெருக்கிப் பாருங்கள். அதே குழு 454 பேரை 18 மாதம் வைத்துப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்களையும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களையும்விட, இரண்டும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது.

சரி, எவ்வளவு செய்வது? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது. முட்டி வலிக்காரரிடம் 150 என்று சொன்னால் பயந்துவிடுவார். ஆனால் 2020இல் அவர்களே ஒரு பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்பது இப்போது கிடையாது, துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும். 2016இல் நியூசிலாந்தில் டைப் 2 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு நாளில் எப்போதாவது அரை மணி நேரம் நட என்பது ஒரு முறை, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நட என்பது இன்னொரு முறை. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகர் இரண்டாவது முறையில் 12 சதவீதம் குறைவாக இருந்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம் குறைவு. எனக்குத் தெரிந்து முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் நடந்தால் வீங்குகிற முட்டி பத்து நிமிடத்தைத் தாங்கும். மூன்று வேளை பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள், போட்டுப் பாருங்கள், அந்த 150 தானாக வந்துவிடும். பத்தும் முடியாதவர் ஐந்தில் ஆரம்பிக்கட்டும்.

நடை மட்டும் போதாது, தசைக்குத் தனியாக வேலை கொடுக்க வேண்டும், வாரம் இரண்டு மூன்று நாள். இதற்கு ஜிம் எல்லாம் வேண்டாம், ஒரு நாற்காலி போதும். அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பத்திரிகைகளில் 'தகுந்த உடற்பயிற்சி செய்யவும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவர் இல்லாமல் வேண்டாம். தலையணை ஒன்றை மடித்துப் போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள், உயரம் கூடக் கூட முட்டிக்குச் சுலபம். பாதம் இரண்டும் தரையில் பதிய, கொஞ்சம் முன்னால் சாய்ந்து எழுந்து நில்லுங்கள். கையை ஊன்றி எழுந்தாலும் பரவாயில்லை. உட்காரும்போதுதான் விஷயமே இருக்கிறது, தொப்பென்று விழாமல் மனசுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். எட்டுப் பத்துத் தடவை, மூச்சை அடக்காமல். அது சுலபமான பிறகு தலையணையை எடுத்துவிடலாம், அப்புறம் கை ஊன்றாமல் எழலாம். இதுவே முடியாத அளவுக்கு வலி இருப்பவர்கள் கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணிவிட்டு விட வேண்டும். தொடை இறுகுவது கைவைத்துப் பார்த்தால் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி நிறுத்துவது இன்னொன்று. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவதும் நல்லது, அதை அடுப்பில் பால் காயும் நேரத்தில்கூடச் செய்யலாம்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா என்பதுதான் அடுத்து எல்லோரும் கேட்பது. பிசியோதெரபிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: செய்யும்போது பொறுத்துக்கொள்கிற அளவு வலி இருக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லையா, நேற்று செய்தது அதிகம், இன்று பாதியாகக் குறை. அடியோடு விட்டுவிடாதே. பலன் தெரிய ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், ஒரே வாரத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முட்டி சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அது தேய்மான வலி இல்லை, சுகர் உள்ளவர்களுக்கு மூட்டுக்குள் கிருமி போவது ஆபத்து, அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். இந்த விஷயத்தில் என்னிடம் மாத்திரை கேட்டு யாரும் வரக் கூடாது.

இனி என் தொழில் பக்கம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்று பெயர் தெரியாதவர்கள்கூட 'அந்தச் சிவப்பு அட்டை', 'முன்னே குடுத்தீங்களே அது' என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே சுகர் கிட்னியைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும், கூடவே பிரஷர் மாத்திரையும் ஓடும், அதன் மேல் மாசக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் கிட்னி என்ன ஆகும்? பிரஷரும் ஏறும். அதே மருந்தை முட்டி மேல் ஜெல்லாகத் தடவினால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, முட்டித் தேய்மானத்துக்கு முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் ஜெல்லுக்கு மரியாதை இல்லை, விழுங்கினால்தான் மருந்து என்று நம் ஜனங்களுக்கு ஒரு எண்ணம்.

முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. போட்ட பிறகு சில வாரம் வலி நன்றாகக் குறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் சில நாள் சுகர் எகிறும், இதை ஊசி போட்டவரும் சொல்வதில்லை, சுகர் டாக்டருக்கு ஊசி போட்டதே தெரிவதில்லை. போன மாதம் நன்றாக இருந்த சுகர் இப்போது ஏன் 300 என்று மிரண்டு ஓடி வருகிறார்கள், மாத்திரையைக் கூட்டிவிடுகிறார்கள், அடுத்த வாரம் ஊசி வேகம் அடங்கியதும் சுகர் சரேலென்று இறங்குகிறது. இரண்டு டாக்டரும் போனில் ஒரு நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். குறைந்தபட்சம் நோயாளியிடம், இந்த வாரம் சுகரை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்றாவது சொல்லலாம்.

அப்புறம் வெறும் வயிற்றில் வாக்கிங். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சுகர் தாழ்ந்துபோகும் பயம் மிகக் குறைவு. ஆனால் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மாத்திரையை விழுங்கிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் நடக்கப் போய் வேர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு நடைபாதையில் உட்காருகிறார்கள். நடப்பதற்கு முன் சுகர் 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். தாழ்ந்துவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். தொடையில் இன்சுலின் போட்ட கையோடு நடந்தால் மருந்து வேகமாக ஏறும், நடக்கிற வேளையில் வயிற்றில் போடுவது நல்லது. உடம்பு சரியில்லாமல் சுகர் 250, 300 என்று நிற்கும் நாளில் பயிற்சி வேண்டாம், நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் நடக்கிற முறையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நடப்பதைவிட அதில் சுகர் தாழும் பயம் குறைவு.

பாதத்தை மறந்துவிட்டேனே. காலில் மரமரப்பு இருப்பவர்கள் ரப்பர் செருப்போடு நடந்து, கல் குத்தியது தெரியாமல் வீட்டுக்கு வந்து, ரத்தத்தைத் தரையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். மூடிய ஷூ, உள்ளே காட்டன் சாக்ஸ், வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்ப்பது, இவ்வளவுதான். அந்த மரமரப்பு எல்லாமே சுகரால் வந்தது என்றும் நினைக்க வேண்டாம், மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும், அதனாலும் வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மூட்டுக்கு நல்லது என்று விற்கிற குளுக்கோசமின் பாக்கெட்டைப் பற்றி எழுதினால் என் வியாபாரத்துக்கு நானே உலை வைக்கிறேன் என்று என் பையன் சொல்கிறான். எழுதத்தான் போகிறேன். முட்டிக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்று மேலே சொன்ன நைஸ் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மாதா மாதம் அதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு நல்ல ஷூவும் பிசியோதெரபிஸ்டிடம் சில தடவை போய் வருவதும் அடங்கிவிடும். தைலம் தேய்க்கிறவர்கள் தேய்த்துக்கொள்ளட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது எடை குறைக்கும் ஊசியைப் பற்றி விசாரிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். செமாகுளூடைடு மருந்தைப் பருமனும் முட்டித் தேய்மானமும் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது, எடையும் நன்றாகக் குறைந்தது, முட்டி வலியும் குறைந்தது. நல்ல மருந்துதான், தேவைப்படுகிறவருக்கு டாக்டர் எழுதட்டும். ஆனால் எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். வயதானவருக்குத் தசை போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். ஊசி போட்டாலும் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் எழுதுவது சுலபம், மும்பையில் எங்கே நடப்பது? மாட்டுங்காக்காரர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது, கிங்ஸ் சர்க்கிள் தோட்டம் இருக்கிறது, காலையில் அங்கே பாதித் தமிழ்தான் காதில் விழும். தாராவியில் எங்கள் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பக்கத்தில் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது, ஆனால் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு அங்கே போய் வர எந்தப் பெண்ணுக்கு நேரம்? ஜூனில் மழை ஆரம்பித்தால் செப்டம்பர் வரை வழுக்கல் தரை, மூடாத குழி. பத்துக்குப் பத்து அறையில் மாமனார், கொழுந்தன் எல்லோரும் இருக்கும்போது காலைத் தூக்கிப் பயிற்சி செய்யக் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு அக்கா சொன்னார், அதற்கு எந்தக் கட்டுரையிலும் பதில் இல்லை.

மாடிப்படியைப் பற்றி உங்கள் முட்டி வலிக் கட்டுரையாளர் ஒரு வரியில் 'தவிர்க்கவும்' என்கிறார். தாராவியில் மாடி அறைக்குப் போவது செங்குத்தான இரும்பு ஏணி, இறங்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்துத்தான் இறங்க முடியும். அதைத் தவிர்த்தால் கீழேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான். லோக்கல் ரயிலில் போகிறவர் ஸ்டேஷன் பாலத்தைத் தவிர்க்க முடியுமா? செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் படி ஏறிப் போய்க் கும்பிட வேண்டும் என்ற ஆசையை விட முடியுமா? தவிர்க்கவும் என்று சொல்வதற்குப் பதில் எப்படி ஏறுவது என்று சொல்லிக் கொடுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில், தேவைப்பட்டால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று போகலாம். கைத்தடி பிடிப்பவர்கள் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், நிறையப் பேர் தப்பான கையில்தான் பிடிக்கிறார்கள்.

டென்மார்க்கில் 2013இல் இருந்து கிளாட் என்று ஒரு திட்டம் நடக்கிறது. முட்டி, இடுப்பு மூட்டு வலிக்காரர்களைச் சின்னக் குழுவாகச் சேர்த்து, இரண்டு வகுப்பில் நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுத்து, ஆறு வாரத்தில் பன்னிரண்டு பயிற்சி வகுப்பு எடுக்கிறார்கள், பிசியோதெரபிஸ்ட் கூடவே நிற்பார். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. இதை மும்பையில் செய்ய என்ன தடை? மாநகராட்சி 2022 நவம்பரில் ஆரம்பித்த ஆப்லா தவாகானா என்ற சின்ன இலவச மருத்துவமனைகள் பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன, அங்கே சுகர் பார்க்கிறார்கள், மருந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள் (எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்). வாரம் இரண்டு நாள் ஒரு பிசியோதெரபிஸ்டை அனுப்பி, பெண்களுக்கு என்று தனி நேரம் ஒதுக்கி, பத்து நாற்காலி போட்டால் போதும். மாநகராட்சி செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சயானில் பம்பாய் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, பஜனைக்கும் பட்டிமன்றத்துக்கும் திறக்கிற கதவை இதற்கும் திறக்கலாம். பஜனைக்கு வருகிற அதே மாமிகளுக்குத்தானே முட்டி வலி. வகுப்புக்கு வருகிறவர் எல்லா டாக்டர் சீட்டையும் கையோடு கொண்டு வந்து ஒரே ஆளிடம் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. நலவாழ்வுப் பக்கத்துக்கு வரும் கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன் ஒரே ஆள் சேர்த்து வைத்துப் படிக்கட்டும், ஒன்று சொல்வதை மற்றது வெட்டுகிறதா என்று பார்க்க அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, மேலே எழுதிய நாற்காலிப் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டித் திருத்தி, படம் போட்டு, பெரிய எழுத்தில் அரைப் பக்கம் வெளியிடுங்கள். சேலை கட்டிய ஒரு ஐம்பத்தைந்து வயது அம்மாவை வைத்துப் படம் எடுங்கள், டிராக் சூட் போட்ட இருபது வயசுப் பெண்ணைப் போட்டால் இது நமக்கு இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். வெளிவந்த அன்று ஐம்பது பிரதி எனக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், மாத்திரையோடு சேர்த்து மடித்துக் கொடுத்துவிடுவேன்.

பெயரைப் போட வேண்டாம், இரண்டு பக்க டாக்டர்களும் எனக்கு வேண்டியவர்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
தாராவி, மும்பை.